கூரைச் சேத மதிப்பீட்டை ஒப்பந்ததாரரிடம் காட்டலாமா?

வசந்தகாலப் புயல்கள் ஓய்ந்ததும் அமெரிக்காவில் வாழும் வாசகர்களிடமிருந்து வீட்டுக் காப்பீடு பற்றிய கடிதங்கள் வருவது வழக்கம்தான். இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை, காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய கூரைச் சேத மதிப்பீட்டை ஒரு கூரை ஒப்பந்ததாரரிடம் காட்டிச் சரிபார்ப்பது முறையா, அதனால் பயன் உண்டா என்ற ஐயத்தைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. ஆகவே இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி (டாலஸ் புறநகர், டெக்சாஸ்): ஆலங்கட்டி மழையில் எங்கள் வீட்டின் ஷிங்கிள் எனப்படும் மெல்லிய ஓடுகள் வேய்ந்த கூரை சேதமடைந்தது. காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதத்தைக் கணக்கிடும் அட்ஜஸ்டர் வந்து பார்த்துவிட்டுப் பல பக்கங்கள் கொண்ட மதிப்பீட்டை அனுப்பியிருக்கிறார். சுருக்கெழுத்துகளும் எண்களுமாக இருப்பதால் எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தமக்குத் தெரிந்த ஒப்பந்ததாரரிடம் காட்டச் சொல்கிறார். வேலை தமக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காக அவர் கூட்டிச் சொல்லமாட்டாரா?

பதில்: காட்டலாம், காட்டுவதே நல்லது. அவர் கூட்டிச் சொல்லக்கூடும் என்ற உங்கள் ஐயமும் நியாயமானதே. ஆனால் அதற்காக மதிப்பீட்டைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை. "இந்தத் தொகை போதுமா?" என்று கேட்பதைத் தவிர்த்து, "அளவு சரியாக இருக்கிறதா? எந்த வேலை விடுபட்டிருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். தொகையைப் பற்றி அவர் சொல்லும் விடையில் அவருடைய வியாபாரமும் கலந்திருக்கும். அளவைப் பற்றியும் விடுபட்ட வேலைகளைப் பற்றியும் சொல்வதையோ, அளவுநாடாவையும் புகைப்படத்தையும் வைத்துக்கொண்டு யாரும் சோதித்துப் பார்த்துவிடலாம்.

உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் எக்ஸாக்டிமேட் என்ற மென்பொருளில் தயாரிக்கப்பட்ட மதிப்பீடாக இருக்கும். வெரிஸ்க் நிறுவனத்துக்குச் சொந்தமான இந்த மென்பொருளைத்தான் அமெரிக்காவில் பல காப்பீட்டு நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. அதில் ஒவ்வொரு வரியும் ஒரு தனி வேலை: பழைய ஷிங்கிளைக் கழற்றுவது ஒரு வரி, புதியதைப் பதிப்பது மற்றொரு வரி. அளவு, அலகு, விலை, தேய்மானம் ஆகியவை அவற்றுக்கு எதிரே வரிசையாக இருக்கும். கூரைப் பரப்பு சதுர அடியில் அல்லாமல் "ஸ்குவேர்" என்ற அலகில் குறிக்கப்படும். ஒரு ஸ்குவேர் என்பது 100 சதுர அடி. முதல் பக்கங்களில், மாநிலத்தையும் நகரத்தையும் மாதத்தையும் ஆண்டையும் சேர்த்து அடக்கிய ஒரு குறியீடு இருக்கும். எந்தப் பகுதியின் எந்த மாதத்து விலைப்பட்டியல் பயன்பட்டிருக்கிறது என்பதை அது சொல்லும். பட்டியல் மாதந்தோறும் புதுப்பிக்கப்படுவதால், பழைய மாதத்து விலையோ வேறு நகரத்து விலையோ இருந்தால் அதைச் சுட்டிக்காட்ட நீங்களே போதும். இதற்கு ஒப்பந்ததாரர் தேவையில்லை.

அவர் தேவைப்படுவது அளவுக்குத்தான். கூரையின் உண்மையான பரப்பு அதன் சரிவைப் பொறுத்தது. இறவாரத்தையும் சேர்த்துத் தரையில் 2,000 சதுர அடியை மூடும் ஒரு கூரையை எடுத்துக்கொள்வோம். கிடைமட்டமாக 12 அங்குலம் போகும்போது 6 அங்குலம் உயரும் சரிவாக இருந்தால் அதன் பரப்பு ஏறத்தாழ 2,236 சதுர அடி. 12 அங்குலத்துக்கு 12 அங்குலம் உயருமானால் ஏறத்தாழ 2,828 சதுர அடி. வீடு அதே வீடுதான், ஆனால் வேறுபாடு ஆறு ஸ்குவேருக்குச் சற்றுக் குறைவு. அட்ஜஸ்டர் சரிவைத் தவறாகக் குறித்திருந்தால் அதன் பின் வரும் எல்லா வரிகளிலும் அந்தத் தவறு தொடரும். மேலும் சரிவு 7/12 அல்லது அதற்கு மேல் இருந்தால் செங்குத்தான கூரைக்கான கூடுதல் கூலி தனி வரியாக வர வேண்டும்; இரண்டு மாடி வீடென்றால் உயரத்துக்கான கூடுதல் கூலியும் தனியே உண்டு. வெட்டுக்கழிவுக்காகச் சேர்க்கப்படும் விழுக்காட்டையும் பாருங்கள்: இரு பக்கம் மட்டும் சரியும் எளிய கூரைக்கு 10% அளவிலும், நான்கு பக்கமும் சரியும் கூரைக்கு 15% அளவிலும் வைப்பது வழக்கம், இரு சரிவுகள் சந்திக்கும் பள்ளக்கோடுகள் மிகுந்த கூரைக்கு அதுவும் போதாமற்போகலாம். இன்று பெரும்பாலான ஒப்பந்ததாரர்கள் வான்படங்களிலிருந்து எடுக்கப்படும் அளவு அறிக்கை ஒன்றை வாங்குகிறார்கள். அதன் படியைக் கேட்டுப் பெற்று மதிப்பீட்டின் அருகே வைத்துப் பார்த்தால் வாதத்துக்கே இடமிராது.

அடுத்தது விடுபட்டவை. பதிக்கும் ஷிங்கிளைப் பற்றிய வரியில் "அடித்தாள் நீங்கலாக" என்று சிறிய எழுத்தில் இருந்தால், ஷிங்கிளுக்கு அடியில் விரிக்கும் அந்தத் தாளுக்கு வேறொரு வரி எங்காவது இருக்க வேண்டும். இறவார ஓரத்தில் முதலில் பதிக்கும் ஸ்டார்டர் வரிசை, முகட்டு மூடிகள், ஓரத் தகடாகிய டிரிப் எட்ஜ், பள்ளக்கோட்டுத் தகடு, சுவரும் கூரையும் சந்திக்கும் இடத்தில் படிப்படியாகச் செருகும் ஃபிளாஷிங், குழாய்களைச் சுற்றிய ரப்பர் கழுத்துகள், காற்றுத் திறப்புகள், பழைய பொருள்களை அகற்றிக் குப்பைக்கு அனுப்பும் செலவு, நகராட்சி அனுமதிக் கட்டணம் ஆகிய இவையெல்லாம் அடிக்கடி விடுபடுகின்றன. அட்ஜஸ்டர்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. பெரும் புயலுக்குப் பிறகு ஒரே நாளில் பல கூரைகளில் ஏறி இறங்குபவருக்குப் புகைபோக்கியின் பின்பக்கம் கண்ணில் படாமற்போவது இயல்பே. ஆலங்கட்டி கூரையை மட்டும் தாக்குவதில்லை என்பதால், மழைநீர்க் கால்வாய்களையும் சன்னல் வலைகளையும் வெளியே நிற்கும் ஏசி இயந்திரத்தின் மெல்லிய உலோகத் தகடுகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கட்டட விதி தொடர்பான வரிகள் சற்று நுட்பமானவை. பல ஊர்கள் பின்பற்றும் சர்வதேசக் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, 2012ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து ஷிங்கிள் கூரைகளின் இறவாரத்திலும் பக்க ஓரங்களிலும் டிரிப் எட்ஜ் வேண்டும் என்கிறது. பனி உறையும் பகுதிகளில், கூரையின் கீழ் விளிம்பிலிருந்து வெளிச்சுவர்க் கோட்டுக்கு உள்ளே குறைந்தது 24 அங்குலம் வரை பனித்தடுப்புப் படலம் வேண்டும் என்கிறது. உங்கள் பழைய கூரையில் இவை இல்லாமல் இருந்திருக்கலாம். இருந்ததை மட்டுமே ஈடு செய்வேன் என்று நிறுவனம் சொல்லலாம். புதிய விதியால் கூடும் செலவை ஏற்கும் தனிப் பிரிவு உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே முடிவு அமையும். இருந்தாலும் பெரும்பாலும் செலவு செய்த பிறகுதான் அந்தப் பணம் வரும். ஒப்பந்ததாரர் உங்கள் ஊரில் நடப்பில் உள்ள விதியின் எண்ணைக் கொடுக்க வேண்டும். பாலிசியில் அதற்கு இடம் உண்டா என்று பார்ப்பது உங்கள் வேலை.

ஒப்பந்ததாரர் செய்யக் கூடாததும் ஒன்று உண்டு. பாலிசி எதை ஏற்கும், எதை ஏற்காது என்று விளக்குவதும், உங்களுக்காக நிறுவனத்தோடு பேரம் பேசி உரிமைகோரிக்கையை முடித்துத் தருவதும் உரிமம் பெற்ற பப்ளிக் அட்ஜஸ்டரின் தொழில். டெக்சாஸ் சட்டப்படி, ஒரு வீட்டில் வேலை செய்யும் ஒப்பந்ததாரர் அதே வீட்டுக்குப் பப்ளிக் அட்ஜஸ்டராகச் செயல்பட முடியாது. அதற்கான உரிமம் அவரிடம் இருந்தாலும் முடியாது. ஸ்டோன்வாட்டர் ரூஃபிங் என்ற நிறுவனம் இந்தச் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2024 ஜூன் மாதம் அம்மாநில உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பக்கமே நின்றது. ஆகவே வேலையின் அளவையும் தம் விலையையும் பற்றி அவர் அட்ஜஸ்டரிடம் விளக்கட்டும்; கடிதமும் கையெழுத்தும் உங்களுடையனவாக இருக்கட்டும்.

என் விருப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். "வேலையை உங்களுக்குத் தரப்போவதில்லை, பார்த்து எழுதித் தருவதற்கு மட்டும் கட்டணம் தருகிறேன்" என்று சொல்லி ஒருவரை அழைப்பதே மிகச் சிறந்த வழி. இலவசமாகக் கூரையேறுபவர் அந்த நேரத்துக்கான விலையை எங்காவது சேர்த்துத்தான் ஆக வேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ளும் ஒப்பந்ததாரர்கள் குறைவு என்பது உண்மை. கிடைக்காவிட்டால் இருவரை அழைத்து, இருவரும் தனித்தனியே சொல்லும் விடுபட்ட வேலைகளை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வாறாயினும், ஒவ்வொரு குறைக்கும் ஒரு புகைப்படம் வேண்டும். ஆலங்கட்டிச் சேதமென்றால், ஒவ்வொரு சரிவிலும் 10 அடிக்கு 10 அடி சதுரம் ஒன்றைச் சுண்ணக்கட்டியால் வரைந்து அதற்குள் ஆலங்கட்டி விழுந்த தடங்களை வட்டமிட்டு எடுத்த படம், பத்துப் பக்கக் கடிதத்தைவிட விரைவாக அட்ஜஸ்டருக்குப் புரியும். இவையனைத்தும் பழைய கூரையைக் கழற்றுவதற்கு முன் நடக்க வேண்டும்.

கேள்வி (ராலே, வட கரோலினா): மதிப்பீட்டை முதலிலேயே காட்டினால் ஒப்பந்ததாரர் அதே தொகையைத் தம் விலையாகச் சொல்லிவிடுவார் என்று கணவர் சொல்கிறார். காட்டாவிட்டால் எதைச் சரிபார்ப்பது என்று நான் கேட்கிறேன். யார் சொல்வது சரி?

பதில்: இருவரும் சொல்வது சரிதான், வரிசை மட்டும் முக்கியம். முதல் வருகையில் மதிப்பீட்டைக் காட்டாமல் அவரே அளந்து, வேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் விலை எழுதித் தரும்படி கேளுங்கள். "முழுக் கூரை இவ்வளவு" என்று ஒரே எண்ணில் முடியும் விலைச்சீட்டை ஏற்க வேண்டாம். அதைக் காப்பீட்டு நிறுவனத்தின் வரிகளோடு ஒப்பிட வழியே இல்லை. அந்தத் தாள் உங்கள் கைக்கு வந்த பிறகு மதிப்பீட்டை அவர்முன் வைத்து, எங்கே மாறுபடுகிறது என்று கேளுங்கள். அவருடைய அளவு ஏற்கெனவே எழுத்தில் இருப்பதால், பார்த்தபின் அதை வளைப்பது அவருக்கு எளிதாக இராது.

கணவரின் எண்ணத்துக்குப் பின்னால், குறைந்த விலையில் வேலையை முடித்து மீதியை வைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை இருக்குமானால், அது பெரும்பாலும் நிறைவேறாது. புதுப்பிப்புச் செலவை ஈடு செய்யும் பாலிசிகளில், வரம்புத் தொகை, புதுப்பிக்க ஆகும் செலவு, நீங்கள் உண்மையில் செலவிட்டது ஆகிய மூன்றில் எது குறைவோ அதற்கு மேல் நிறுவனம் தராது. ஒப்பந்ததாரர் தரும் கடைசிக் கட்டணப் பட்டியலின் நகலை அவர்கள் கேட்பதும் அதற்காகத்தான். ஆகவே மலிவான விலையைத் தேடுவதைவிட, குறைவின்றிச் செய்யப்படும் வேலையைத் தேடுவதே உங்களுக்கு ஆதாயம்.

கேள்வி (எடிசன், நியூ ஜெர்சி): மதிப்பீட்டில் கூரைக்கு 18,000 டாலர் என்று இருக்கிறது. வந்த காசோலையோ 7,000 டாலர்தான். ஒப்பந்ததாரர், "நிறுவனம் குறைத்துவிட்டது, நான் சண்டை போட்டு வாங்கித் தருகிறேன்" என்கிறார்.

பதில்: சண்டைக்கு இதில் இடமே இல்லாமல் இருக்கலாம். 20 ஆண்டு வாழ்நாள் உள்ள கூரைக்கு 10 வயதென்று வைத்துக்கொண்டால், தேய்மானம் பாதி, அதாவது 9,000 டாலர். டிடக்டிபிள், அதாவது காப்பீடு எடுத்தவரே ஏற்க வேண்டிய தொகை, 2,000 என்றால், மீதமுள்ள 9,000இல் அதைக் கழித்தால் 7,000. மதிப்பீட்டின் சுருக்கப் பக்கத்தில் தேய்மானம் "திரும்பப் பெறத்தக்கது" என்று குறித்திருந்தால், வேலை முடிந்து கட்டணப் பட்டியலை அனுப்பிய பின் அந்த 9,000 வர வேண்டும். "திரும்பப் பெற இயலாதது" என்றிருந்தாலோ, கூரையின் வயதுக்கு ஏற்ப விழுக்காட்டைக் குறைத்துத் தரும் தனி இணைப்பு உங்கள் பாலிசியில் இருந்தாலோ, அந்தப் பணம் வராது. அதை எந்த ஒப்பந்ததாரரும் சண்டை போட்டு வாங்கித் தர முடியாது.

இதற்குக் காலக்கெடு உண்டு என்பதை மறக்க வேண்டாம். பரவலாகப் பயன்படும் ஒரு பாலிசி வடிவத்தில், சேதம் நேர்ந்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள், பழுதுபார்க்கும் எண்ணம் உண்டு என்பதை நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். உங்கள் பாலிசியில் வேறு கெடு இருக்கலாம்; அந்தப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். வீட்டுக்கடன் இருக்குமானால் காசோலையில் பெரும்பாலும் வங்கியின் பெயரும் சேர்ந்தே இருக்கும். வங்கி பணத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு வேலை நடக்க நடக்கத் தவணையாக விடுவிக்கவும் கூடும் என்பதால், ஒப்பந்ததாரருக்கு எப்போது எவ்வளவு தருவது என்பதை அதற்கேற்ப எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஆஸ்டின், டெக்சாஸ்): எங்கள் டிடக்டிபிள் 8,000 டாலர். "மதிப்பீட்டில் சில வரிகளைச் சேர்த்து அதை நானே ஈடுகட்டிவிடுகிறேன்" என்று ஒப்பந்ததாரர் சொல்கிறார். ஏற்றுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. 400,000 டாலர் வீட்டுக் காப்பீட்டுக்குக் காற்று, ஆலங்கட்டி டிடக்டிபிள் 2% என்றால் 8,000 ஆகிறது. அது பெரிய தொகைதான், வலிக்கத்தான் செய்யும். ஆனால் டெக்சாஸில் 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி அதைக் காப்பீடு எடுத்தவர் கட்டியே ஆக வேண்டும். ஒப்பந்ததாரர் அதைத் தள்ளுபடி செய்வது குற்றம். காப்பீட்டுப் பணத்தில் நடக்கும் 1,000 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட வேலைக்கான ஒப்பந்தத்தில் இந்த விதி தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். நீங்கள் கட்டியதற்கான சான்றைக் காட்டாவிட்டால் தேய்மானத்துக்காக நிறுவனம் நிறுத்தி வைத்திருக்கும் தொகையைத் தராமலிருக்கவும் இடமுண்டு. இல்லாத வேலையை எழுதிச் சேர்க்கத் துணிபவர், இருக்கும் வேலையைச் சரியாகச் செய்வார் என்று நம்புவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. அவர் முன்பே செய்து தந்த சரிபார்ப்பையும் ஒதுக்கிவிட்டு வேறொருவரை அழையுங்கள்.

கேள்வி (கொலம்பஸ், ஒஹையோ): காற்றில் பின்பக்கச் சரிவில் சில ஷிங்கிள்கள் பறந்துவிட்டன. நிறுவனம் அவற்றை மட்டும் மாற்றத் தருகிறது. ஒப்பந்ததாரர் முழுக் கூரையும் மாற்ற வேண்டும் என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இருவரையும் உடனே நம்ப வேண்டாம், ஒப்பந்ததாரரிடம் காரணத்தைக் கேளுங்கள். "பழைய கூரை, மாற்றிவிடுவதே நல்லது" என்பது காரணம் ஆகாது. வயதுக்குக் காப்பீடு பொறுப்பில்லை.

ஏற்கத்தக்க காரணங்கள் இரண்டு. முதலாவது, பழுதுபார்க்க இயலாமை. ஒரு ஷிங்கிளை மாற்ற அதற்கு மேலுள்ளவற்றை ஒட்டிலிருந்து பிரித்து மெல்லத் தூக்கி ஆணியைப் பிடுங்க வேண்டும். தூக்கும்போதே அவை விரிசல் விட்டு முறிந்தால், ஒன்றை மாற்றப் போய் நான்கைக் கெடுத்த கதையாகிவிடும். அட்ஜஸ்டரின் முன்னிலையிலேயே சில ஷிங்கிள்களைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் படம் எடுங்கள். கடும் குளிரில் நல்ல ஷிங்கிளும் முறியும் என்பதால் மிதமான வெப்பமுள்ள நாளில் செய்யாவிட்டால் அந்தச் சோதனைக்கு மதிப்பிராது.

இரண்டாவது, பொருத்தமின்மை. நிறம் மட்டும் மாறினால் அது தோற்றத்தைப் பற்றிய வாதம். அளவு மாறினால் வேலையே நடக்காது. பழைய மூன்று நாக்கு ஷிங்கிள்களில் 12க்கு 36 அங்குல வகையும், அதைவிடச் சற்றுப் பெரிய மெட்ரிக் வகையும் உண்டு. வெளியே தெரியும் பகுதி முன்னதில் 5 அங்குலம், பின்னதில் 5⅝ அங்குலம். ஒன்றின் வரிசையில் மற்றொன்று உட்காராது. உங்கள் கூரையில் உள்ள வகை இப்போது தயாரிக்கப்படுகிறதா என்று ஒப்பந்ததாரர் விற்பனையாளரிடமிருந்து எழுத்தில் வாங்கித் தரலாம். மாற்றிய பொருள் தரத்திலோ நிறத்திலோ அளவிலோ பொருந்தாவிட்டால், அந்தப் பகுதி ஒரே சீராகத் தோன்றும் அளவுக்கு மாற்ற வேண்டும் என்ற கருத்து உங்கள் ஒஹையோ மாநிலக் காப்பீட்டு விதிகளில் இருக்கிறது. எல்லா மாநிலங்களிலும் அவ்வாறு இல்லை. "அந்தப் பகுதி" என்பது ஒரு சரிவா, முழுக் கூரையா என்பதில்தான் வழக்கமாக இழுபறி நடக்கும். முழுக் கூரைக்குக் குறைந்து எதையும் ஏற்கமாட்டேன் என்று தொடங்குவதைவிட, கண்ணுக்கு ஒருசேரத் தெரியும் சரிவுகளைப் படத்தோடு கேட்பது பலன் தரும் என்பது என் எண்ணம்.

கேள்வி (அட்லாண்டா, ஜார்ஜியா): மதிப்பீட்டில் "மேற்செலவும் லாபமும்" சேர்க்கப்படவில்லை, 10%உம் 10%உம் சேர்த்துக் கேளுங்கள் என்று ஒப்பந்ததாரர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இது நியாயமா?

பதில்: வேலையின் தன்மையைப் பொறுத்தது. பல தொழில்களை ஒருங்கிணைக்கும் பொது ஒப்பந்ததாரர் ஒருவர் தேவைப்படும்போது அவருடைய மேற்செலவுக்கும் லாபத்துக்கும் இவ்வாறு சேர்ப்பது இந்தத் துறையின் நெடுநாள் வழக்கம். மூன்று தொழில்கள் இருந்தால் சேர்க்கலாம் என்று ஒரு கணக்கும் சொல்வார்கள். அது வழக்கமேயன்றிச் சட்டமன்று. கூரை மட்டும் என்றால் நிறுவனம் மறுக்கும். நீர் ஒழுகி உள்ளே கூரைப்பலகை ஊறி, பூச்சுக்காரரும் மின்பணியாளரும் கால்வாய் பொருத்துபவரும் வர வேண்டியிருந்தால், அவர்களை யார் வரிசைப்படுத்தி மேற்பார்ப்பது என்று கேட்டு எழுதுங்கள்.

கேள்வி (பீனிக்ஸ், அரிசோனா): கூரைமேல் சோலார் தகடுகள் இருக்கின்றன. மதிப்பீட்டில் அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பதில்: தகடுகளைக் கழற்றி வைத்து மீண்டும் பொருத்தும் செலவு கூரை வேலையின் பகுதியே, அதைத் தனி வரியாகக் கேளுங்கள். இதைக் கூரை ஒப்பந்ததாரரிடம் விலை கேட்க வேண்டாம். தகடுகளை நிறுவிய நிறுவனத்திடமோ அதே தொழிலில் உள்ள வேறொருவரிடமோ எழுத்தில் விலை வாங்கி இணையுங்கள். மற்றவர் கை பட்டால் உத்தரவாதம் போய்விடும் வாய்ப்பும் உண்டு. தகடுகள் குத்தகையில் இருந்தால் உரிமையாளரின் ஒப்புதலும் வேண்டும்.

கேள்வி (டாம்பா, ஃபுளோரிடா): கூரையில் மூன்றில் ஒரு பங்கு சேதம் என்று ஒப்பந்ததாரர் அளந்திருக்கிறார்; நிறுவனம் கால் பங்குக்கும் குறைவு என்கிறது. இந்தக் கால் பங்குக்கு ஏன் இத்தனை சண்டை? மேலும், உரிமைகோரிக்கையைத் தம் பெயருக்கே எழுதித் தரும்படியும் அவர் கேட்கிறார்.

பதில்: ஃபுளோரிடாவின் கட்டட விதிப்படி, 12 மாதங்களுக்குள் கூரையின் ஒரு பகுதியில் 25 விழுக்காட்டுக்கு மேல் பழுதுபார்த்தால் அந்தக் கூரைப்பகுதி முழுவதும் நடப்பு விதிக்கு இணங்க வேண்டும் என்றிருந்தது, ஆகவே அந்தக் கோட்டின் இருபுறமும் பல்லாயிரம் டாலர் வேறுபாடு. 2022இல் செய்த திருத்தத்தால், 2007ஆம் ஆண்டு விதித்தொகுப்புக்கோ அதற்குப் பிந்தையதற்கோ ஏற்பக் கட்டப்பட்ட கூரையில், பழுதுபார்க்கும் பகுதி மட்டும் இணங்கினால் போதும். எனவே பரப்பைப் பற்றி வாதிடும் முன், உங்கள் கூரை எந்த ஆண்டு அனுமதியில் போடப்பட்டது என்று உள்ளூர்க் கட்டட அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், வாதமே தேவைப்படாமற்போகலாம்.

உரிமையை எழுதிக் கொடுக்க வேண்டாம். 2023 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் வழங்கப்பட்ட பாலிசிகளில் அவ்வாறு எழுதிக் கொடுப்பது அங்கே செல்லாது. காலக்கெடுவும் அங்கே குறுகியது: சேதம் நேர்ந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் உரிமைகோரிக்கை, 18 மாதங்களுக்குள் கூடுதல் கோரிக்கை.

கேள்வி (நேப்பர்வில், இல்லினாய்): ஒப்பந்ததாரரின் குறிப்புகளைப் படங்களோடு அனுப்பினோம். நிறுவனம் சிலவற்றை ஏற்று மற்றவற்றை மறுத்துவிட்டது. இனி என்ன வழி?

பதில்: மறுத்த ஒவ்வொரு வரிக்கும் காரணத்தையும், அதற்கு அடிப்படையான பாலிசிப் பிரிவையும் எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் சொன்னதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அடுத்து மறு ஆய்வு கேளுங்கள். அப்போது ஒப்பந்ததாரரும் அட்ஜஸ்டரும் ஒரே நேரத்தில் கூரைமேல் இருப்பது அவசியம், ஏனெனில் தாளில் தீராத பல வேறுபாடுகள் ஒரே இடத்தைச் சுட்டிப் பேசும்போது தீர்ந்துவிடுகின்றன. ஒழுகும் இடத்தைத் தார்ப்பாயால் மூடுவது போன்ற தற்காலிக வேலைகளை இதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். மேலும் கெடாமல் காப்பது உங்கள் கடமை, அதற்கான நியாயமான செலவுக்கு ரசீது வைத்திருந்தால் போதும்.

பழைய கூரையைக் கழற்றிய பிறகு அடிப்பலகையில் புதிய சேதம் தெரிந்தால், வேலையை நிறுத்தி, படமெடுத்து, அன்றே நிறுவனத்துக்கு எழுதுங்கள். நெடுநாள் ஈரத்தால் மக்கிய பலகைக்குப் பணம் வராது. இந்தப் புயலின் நீரால் கெட்டதற்கு வரலாம். மூடிவிட்ட பிறகு இரண்டையும் பிரித்துக் காட்ட யாராலும் முடியாது.

தொகையில் மட்டுமே வேறுபாடு என்றால், பல பாலிசிகளில் "அப்ரைசல்" என்ற வழி இருக்கிறது. ஒரு தரப்பு எழுத்தில் கோரியதும் 20 நாள்களுக்குள் இரு தரப்பும் தகுதியும் நடுநிலையும் உள்ள ஒவ்வொரு மதிப்பீட்டாளரை நியமிக்க வேண்டும். அவர்கள் இருவரும் ஒரு நடுவரைத் தேர்ந்தெடுப்பார்கள். 15 நாள்களில் உடன்பாடு எட்டாவிட்டால் நீதிமன்றத்தை அணுகி நடுவரைப் பெறலாம். மூவரில் இருவர் ஒப்பும் தொகையே முடிவு. உங்கள் மதிப்பீட்டாளரின் கட்டணம் உங்களுடையது, நடுவரின் கட்டணத்தில் பாதியும் உங்களுடையது. ஆகவே சில நூறு டாலர் வேறுபாட்டுக்கு இது கட்டுபடியாகாது. உங்கள் வேலையை எடுக்கப்போகும் ஒப்பந்ததாரரையே மதிப்பீட்டாளராக நியமித்தால், நடுநிலை இல்லை என்று நிறுவனம் எதிர்க்க இடம் கொடுத்துவிடுவீர்கள். பாலிசி ஏற்குமா இல்லையா என்பதே வழக்கென்றால் அப்ரைசல் பெரும்பாலும் உதவாது. அதற்கு மாநிலக் காப்பீட்டுத் துறையில் புகார் கொடுக்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞரை அணுகுவதாக இருந்தால், பாலிசியில் வழக்குத் தொடுக்கக் குறித்துள்ள கால வரம்பை முதலில் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்.